எண்ண வேண்டாம் என்ற பிறகும் எண்ணிக்கொண்டிருந்தோம்

2009 ஜூன் 11 அன்று எச்1என்1 காய்ச்சலை உலகப் பெருந்தொற்றாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரிடமும் தொண்டைச் சளி மாதிரி எடுத்து, பி.சி.ஆர். முடிவு வந்ததும் பட்டியலில் ஏற்றும் வேலை எங்கள் கண்காணிப்புப் பிரிவில் ஒழுங்காகவே நடந்துவந்தது. தொற்று சமூகத்தில் பரவிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுத்திணறலோடு இருந்தவரின் மாதிரியும், லேசான இருமலோடு நடந்து வந்து போனவரின் மாதிரியும் ஆய்வகத்தில் ஒரே வரிசையில் காத்துக்கிடந்தன.

பரவல் நிலைபெற்ற நாடுகள் உறுதியான நோயாளிகளைத் தனித்தனியாக எண்ணி அனுப்பத் தேவையில்லை என்றும், கடுமையான நோயோ மரணமோ கொத்தாக நிகழ்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும் என்றும் ஜூலை 16 அன்று அந்நிறுவனம் தெரிவித்தது. அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு போனால், "மாலை அறிக்கையில் எண்ணிக்கை இல்லையென்றால் மேலே நான் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டு, பழைய படிவத்தையே தொடரச் சொன்னார் மேலதிகாரி. எங்கள் வாதங்கள் எதற்கும் அசையாதவர், பரிசோதனைக்கான வேதிப்பொருள் தீரும் நிலைக்கு வந்த பிறகே இறங்கிவந்தார்.

தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில் மட்டும் வாரந்தோறும் குறைந்த அளவு மாதிரி எடுப்பது, கடும் சுவாச நோயோடு உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களைத் தனியே பதிவது, புறநோயாளிகளில் ஃப்ளூ போன்ற காய்ச்சலோடு வருபவர்களின் விகிதத்தைக் கணிப்பது என்று முறையை மாற்றினோம். விகிதம் கணிக்க மொத்தப் புறநோயாளி எண்ணிக்கை வேண்டுமே! ஒரு மருத்துவமனையின் பதிவறை எழுத்தர், பேரேடு மேசைமேல் திறந்தே கிடக்க, கண்காணிப்பாளரின் கடிதம் இல்லாமல் பக்கத்தைக் காட்ட முடியாது என்று திருப்பி அனுப்பினார். கடிதத்தோடு போனபோது அவர் விடுப்பில் இருந்தார்.

இதைவிடப் பெரிய தலைவலி, நோயாளி எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடம். பரிசோதனையைக் குறைத்ததும் கோடு சரிந்தது. நோய் தணிந்துவிட்டதாகச் சிலர் மகிழ்ந்தேபோனார்கள். முறை மாறிய நாளில் வரைபடத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, சில வாரங்கள் பழைய முறையையும் புதிய முறையையும் சேர்த்தே நடத்தினால் இந்தக் குழப்பம் வராது. பதிவில், மருத்துவமனையில் அனுமதித்த தேதியோடு அறிகுறி தொடங்கிய தேதியையும் கட்டாயம் கேட்க வேண்டும்; பின்னது இல்லாமல் பரவலின் வேகத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. முந்தைய ஆண்டுகளின் பருவகாலக் காய்ச்சல் விகிதம் எங்களிடம் இல்லாததால், கண்முன் நடந்த ஏற்றம் வழக்கமானதுதானா என்ற கேள்விக்குக் கடைசிவரை உறுதியான பதில் தர முடியவில்லை.

ஆனாலும் தீவிர சிகிச்சைச் சேர்க்கை ஏறத் தொடங்கியதைப் புதிய வாராந்திரப் பதிவே முதலில் காட்டிக்கொடுத்தது. அதன் பிறகு மேலதிகாரி மாலை எண்ணிக்கையைக் கேட்பதை விட்டுவிட்டார்.