சித்திரபானு வருஷத்துக் கணக்கு

ஜூன் 8, 2025, மாதவரம்

தாத்தாவின் தகரப் பெட்டியைச் சித்தப்பா கொடுத்தனுப்பினார். பட்டாவையும் பத்திரங்களையும் அவர் எடுத்துக்கொண்டார், மிச்சத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடு என்றார். எனக்கு வேண்டியதே அந்த மிச்சம்தான். சோழவரம் பக்கத்து நிலத்துக்குக் கட்டிய கிஸ்தி ரசீதுகள், பசலி 1351-இலிருந்து, அதாவது நிலவரிக் கணக்கு வருஷப்படி 1941-42-இலிருந்து. ஒரு நெல் கணக்கு நோட்டு. சின்னத் தாத்தா பட்டாளத்திலிருந்து போட்ட கடிதங்கள்.

ஜூன் 10

கடிதத்துக்குக் கடிதம் கையெழுத்து மாறுகிறது. சின்னத் தாத்தாவுக்கு எழுத வராது, கூட இருந்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று எதிலும் இல்லை, சென்சார் முத்திரைதான் இருக்கிறது. சண்டையைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, நவரை அறுத்தாச்சா, சொர்ணவாரிக்கு நாற்று விட்டீர்களா, மயிலைக்காளைக்குக் கால் தேறிவிட்டதா. எல்லாம் கேள்விகளே. படிக்கப் படிக்கத் தொண்டை அடைத்தது.

ஜூன் 14

யுத்தம் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பது கணக்கு நோட்டில்தான் இருக்கிறது.

1942 ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது சென்னைதான் என்று பட்டணமே நடுங்கியது. பட்டணத்தில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்காரே அறிவித்தது. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்குப் போனது. சித்திரபானு வருஷம் பிறந்தது அந்த நேரத்தில். மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே தாத்தா எழுதியிருக்கிறார்: ராயபுரத்தார் ஐந்து பேர், தண்டையார்பேட்டை மச்சான் வீடு எட்டுப் பேர். அப்புறம் தினம் தினம் அளந்த அரிசி, படிக்கணக்கில். வைகாசியிலும் அது நிற்கவில்லை.

ரங்கூன் மார்ச்சிலேயே விழுந்து, பர்மா அரிசி நின்றுபோயிருந்த வருஷம் அது. நெல்லைப் பிடித்து வைத்தால் விலை ஏறும் என்று ஒரு விவசாயிக்கா தெரியாது? ஆனால் இவர்கள் பேருக்கு நேராக வரவுப் பத்தி முழுக்கக் காலி. கேட்கவே இல்லை போல.

இந்த நோட்டையா எடைக்குப் போடச் சொன்னார்கள்!

ஜூன் 15

பெரிய அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. செங்குன்றம் ஏரியில் ப்ளேன் வந்து தண்ணீர் மேலேயே இறங்குமாம், பார்க்க ஓடுவார்களாம். உண்மைதான், வெள்ளைக்கார விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் யுத்தம் முடியும்வரை அந்த ஏரியில் இருந்தன.

வைகாசிப் பக்கத்தில் ஒரு செலவு எனக்குப் புரியாமல் இருந்தது: சுக்கு, பூண்டு, பெருங்காயம், பனைவெல்லம், நல்லெண்ணெய், எல்லாம் ஒரே நாளில். அத்தையிடம் படித்துக் காட்டினேன்.

“பிள்ளை பெத்தவளுக்குடா. ராயபுரத்தா மருமக நம்ம வீட்டுத் திண்ணை உள்ளேதான் பெத்தா. பொம்பளைப் பிள்ளை.”

அந்தப் பிள்ளை இப்போது காசிமேட்டில் பேரன் வீட்டில் இருக்கிறாராம். அத்தை நம்பர் வாங்கித் தந்தார், பேசிவிட்டேன். நோட்டை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.