கராஜுக்குள் கார் மட்டும் இல்லை

போன கிழமை குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டேன். இங்கே கனடாவில் இரவுக்கு ஃப்ரீஸிங் ரெயின், அதாவது உறைமழை, வருமென்று அறிவித்திருந்தார்கள். அதனால் காரின் இரண்டு வைப்பரையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கத்துச் சைட் மிரருக்கும் சொப்பிங் பை மாட்டி ரப்பர் பாண்ட் போட்டிருந்தேன். திருகோணமலையிலிருந்து பெரியம்மாவின் குரல் பதிவு உடனே வந்தது: "ஏன் தம்பி, உன்ர கார் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நிக்குது? கோணேசருக்கு ஏதும் நேர்த்தியோ?"

நானும் மனிசியும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு மச்சான் கேட்டார்: "முந்தநாள் மழையுமில்லை, ஸ்னோவுமில்லை எண்டாய். விடிய எழும்பிப் பாத்தா கண்ணாடி முழுக்க ஐஸ் எண்டும் சொல்லுறாய். அது எங்கயிருந்து வந்தது?"

நியாயமான கேள்வி. மார்கழி இரவிலும் 24 பாகையில் நிற்கும் ஊரிலிருந்து கேட்டால் வேறு எப்படிக் கேட்பது? மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கிற ஈரம் அதில் பட்டதும் தண்ணீராகக்கூட மாறாமல் நேரே ஐஸாக ஒட்டிக்கொள்ளும். ஒரு துளி மழை தேவையில்லை. மச்சான் கேட்டுவிட்டு, "அப்ப மேல ஒரு கூரை இருந்தாக் காணுமே" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. எனக்குப் பொறுக்காததும் அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஃப்ரீஸிங் ரெயின் இதைவிடப் பொல்லாதது. மழையாக விழும், பட்ட இடத்தில் ஐஸாகும். வைப்பர் கண்ணாடியில் கிடந்தால் ரப்பர் அப்படியே ஒட்டிப்போகும். தூக்கி வைத்தால் ஒட்டாது. ஆனால் பலத்த காற்றென்றால் தூக்கக்கூடாது, 'படார்' என்று அடித்து விழுந்தால் கண்ணாடிக்குத்தான் கேடு. இதைவிட முக்கியமானது, எஞ்சினை நிறுத்த முன்னம் வைப்பர் சுவிட்சை ஓஃப் பண்ணுவது. என்னோடு வேலை செய்கிற பெடியன் ஒருவன் அதை மறந்து, காலையில் திறப்பைத் திருகியதும் ஒட்டிக்கிடந்த வைப்பரை மோட்டார் இழுத்து இழுத்துப் பார்த்து ஃபியூஸ் எரிந்தது. இன்னொன்று, வீட்டுக்கு வந்ததும் கதவுகளைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு உள்சூட்டை வெளியேற்றவேண்டும். கண்ணாடி சூடாக இருந்தால் விழுகிற ஸ்னோ அதில் உருகி, பிறகு அதே இடத்தில் இறுகிவிடும்.

வைப்பருக்கு 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மேரி அன்டர்சன் அலபாமாக்காரி. வெக்கை ஊர். குளிர்காலத்தில் நியூயோர்க் போனபோது, ட்ராம் ஓட்டுநர் முன்பக்கத்தைத் திறந்துவைத்துப் பனி முகத்தில் அடிக்க அடிக்க ஓட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம். குளிருக்குள் பிறந்தவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும் போல. எனக்கு அந்த மனுசி சொந்தக்காரி மாதிரி.

மச்சானின் அடுத்த யோசனை: "சுடுதண்ணி ஊத்தன். கன்னியாவில இருந்து ரெண்டு வாளி அனுப்பவோ?" ஊற்றினால் கண்ணாடி வெடிக்கக்கூடும், ஊற்றிய தண்ணீரும் கீழே ஓடி வைப்பரடியில் உறையும் என்று எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்கவில்லை. திருகோணமலைக் கன்னியாவின் ஏழு சுடுதண்ணிக் கிணறும் கண்ணுக்குள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். எதில் முதல் அள்ளுவது என்று சின்னனில் சண்டை. அப்பாவின் காரியத்துக்கு எல்லாரும் அங்கே போனார்கள். இங்கே வேலைத்தலத்துப் பார்க்கிங்கில் காருக்குள் இருந்து ஃபோனில் பார்த்தேன். தம்பி வாளியைத் தலையில் கவிழ்க்கிறான், எனக்கு முன்னால் கண்ணாடி முழுக்க வெள்ளை. கண்ணாடி ஐஸை உருக்கும் டிஃப்ரொஸ்டைப் போடவும் தோன்றவில்லை.

சரி, சைட் மிரர். இதற்கும் ஒரு ஒழுங்குண்டு. மிரரைத் துடைத்துக் காயவிட்டுத்தான் பையைப் போடவேண்டும், ஈரத்தோடு போட்டால் பையும் சேர்ந்து ஒட்டும். ஸ்க்ரேப்பரால் சுரண்டினால் கீறல் விழும். மருந்துக்கடையில் விற்கிற 70% ரப்பிங் அல்கஹோலில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து ஸ்ப்ரே போத்தலில் வைத்திருந்தால், அடித்ததும் இளகும். கண்ணாடி கழுவுகிற வொஷர் தண்ணியும் மைனஸ் 40 என்று எழுதியதாகப் பார்த்து வாங்கவேண்டும், கோடைகாலத்து நீலத் தண்ணி குழாய்க்குள்ளேயே கட்டியாகிவிடும். 401 நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லொறி உப்புச் சேற்றை வாரி அடிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். திருகோணமலையில் டச் பே கடற்கரைப் பக்கம் காரை நிறுத்தினாலும் கடற்காற்றில் உப்புப் படியும். அப்பா சாரத் தலைப்பால் ஒரு துடை துடைப்பார், முடிந்தது.

அப்பாவின் அந்த மொரிஸ் மைனர் கார் நின்றது கிடுகுக் கொட்டிலுக்குள். வெயிலுக்காகப் போட்ட கொட்டில். உறைபனி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தக் காருக்குத் தெரியாது. இங்கே வந்து முதலில் இருந்தது ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில். வீட்டுக்காரருக்கு இரண்டு கார் விடக்கூடிய கராஜ். அதற்குள் பழைய சோபா, கலியாண வீட்டு அலங்காரச் சாமான், ஒரு ட்ரெட்மில். என் கார் ட்ரைவ்வேயில், வானத்தின் கீழே. இருட்டோடு எழும்பிச் சுரண்டும்போதெல்லாம் அந்தக் கராஜ் கதவைப் பார்த்து வயிறெரிவேன். கூரையை வைத்துக்கொண்டு சோபாவுக்கா குளிரும்?

இப்போது சொந்த வீடு. சொந்தக் கராஜ். நல்லாய்ப் பழகிவிட்டது, வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்றுதான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

கராஜுக்குள் சிவப்பரிசி மூட்டை மூன்று. டீப் ஃப்ரீஸர், அதற்குள் பாரையும் சூரையும். பொரித்தால் வீடு மணக்குமென்று இரண்டாவது அடுப்பு. இடியப்ப உரலோடு பனையோலைப் பெட்டிகள். கோடையில் வெளியே வைக்கிற தொட்டிகள். போன சனிக்கிழமை மைனஸ் 15இல், கதவை ஒரு சாண் திறந்துவிட்டு, தொப்பியும் ஜக்கெற்றும் போட்டபடி சூரை பொரித்தோம். எண்ணெய்ச் சட்டியில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் கருகும் மணத்தில் கொஞ்ச நேரம் திருகோணமலை மனையாவெளியில் நின்றேன். வெளியே கார் ஐஸ் பிடித்துக்கொண்டிருந்தது.

தங்கச்சியின் மகன் வருகிற தை மாதம் இங்கே படிக்க வருகிறான். குடை கொண்டுவரவோ என்று கேட்டான். குடை வேண்டாம், கையுறை போதும் என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பான் போல. "மாமா, பின்னால கராஜ் தெரியுதே, பிறகேன் கார் வெளியில நிக்குது?"

நான் வாய் திறக்க முன்னம் மனிசி ஃபோனை வாங்கிவிட்டாள். "வரேக்க கட்டாக் கருவாடு கொஞ்சம் கூடவாக் கொண்டு வா, அப்பன். வைக்க இடமிருக்கு."