விலை உறையைப் பிரித்த பிறகு

கட்டுமான வேலைகளில், அடிமண்ணின் தன்மை முழுதாகத் தெரியாத இடத்தில், முழு வேலைக்கும் ஒரே தொகை பேசிக்கொள்ளும் மொத்தத்தொகை ஒப்பந்தம் பொருந்தாது என்பதால், செய்த வேலையை அளந்து பணம் தரும் இனவாரி விலை முறையையே பெரும்பாலும் பரிந்துரைப்பேன். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருமுறை, மொத்தத்தில் மிகக் குறைவாக இருந்த ஒப்பந்தப்புள்ளியில், மண் தோண்டுவதற்கு மதிப்பீட்டைப்போல் இரு மடங்கு விலையும், கடைசியில் வரும் வண்ணப்பூச்சுக்கு அடக்கவிலைக்கும் கீழான விலையும் எழுதப்பட்டிருந்தன. தொடக்கத்திலேயே பணத்தைக் கறந்துகொள்ளும் உத்தி இது. தோண்டும் அளவு கூடிவிட்டால், குறைந்த ஒப்பந்தப்புள்ளியே கூடிய செலவாகிவிடும். தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும், முறையாக மதிப்பிட்ட பிறகுதான் குறைந்த புள்ளியைத் தீர்மானிக்கச் சொல்கிறது. அந்த இரு இனங்களுக்கும் விலைப் பகுப்பாய்வு, அதாவது அந்த விலை எப்படி வந்தது என்ற கணக்கு, கேட்டு ஒப்பந்ததாரருக்கு எழுதினோம். பதில் வர ஒன்பது நாள்களாயின.