தார், சீப்பு, காய்

கிராஸ்ஹாப்பர் என்பது, கட்டளைப் பெட்டிகளை வயரால் இணைத்து வடிவங்களை உருவாக்கும் கணினி மென்பொருள். அதில் ஒரு பெட்டி சிவப்பாக மாறினால் எனக்குப் பயமில்லை. தவறு எங்கே என்று அதுவே காட்டிவிடும். எல்லாப் பெட்டிகளும் சாம்பல் நிறத்தில் அமைதியாக இருக்க, திரையில் வடிவம் மட்டும் கோணலாக நிற்கும் நாள்தான் கடினம். கோவையில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் சேர்ந்த முதல் வருஷம் எனக்கு அப்படி ஒரு வாரம் வந்தது.

கல்லூரி முற்றம் ஒன்றுக்கு, அலைபோல ஏறி இறங்கும் கூரை. மொத்தம் 14 வளைவுகள். ஒவ்வொன்றையும் 20 பாகமாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்து வளைவுகளின் புள்ளிகளை நான்கு நான்காகச் சேர்த்தால் நடுவில் அலுமினியத் தகடு உட்காரும். 20 பாகத்துக்கு 21 புள்ளிகள். வேலியில் 20 இடைவெளிக்கு 21 கல் ஊன்றுகிறோமே, அதே கணக்கு. 14 வளைவுக்கு 294 புள்ளிகள். தகடுகள் 13 வரிசை, வரிசைக்கு 20, ஆக 260.

திரையில் வந்ததோ கூரையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஓடும் நீளமான தகடுகள். வளைவில்தான் கோளாறு என்று நினைத்து அதை நீட்டினேன், உயரத்தைக் குறைத்தேன், திரும்ப வரைந்தேன். இரண்டு நாள் போனது. பக்கத்து இருக்கையில் இருந்த மூத்தவர் எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "தகடு எத்தனை வருதுன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

எண்ணியிருக்கவில்லை. எண்ணினால் 294.

அவர் அன்று சொன்ன விளக்கத்தைத்தான் இன்றும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்கிறேன். கிராஸ்ஹாப்பரில் தகவல்களைப் பட்டியல் பட்டியலாக அடுக்கி வைக்கும் 'டேட்டா ட்ரீ' என்பதை மரமாக நினைத்தால் குழம்பும், வாழைத்தாராக நினைத்துக்கொள்ளுங்கள். தாரில் 14 சீப்பு, சீப்புக்கு 21 காய். ஃபிளாட்டன் என்றால் எல்லாக் காயையும் பறித்து ஒரே கூடையில் கொட்டுவது. கிராஃப்ட் என்றால் ஒவ்வொரு காயையும் தனிச் சீப்பாக வைப்பது. நான் எங்கோ ஓரிடத்தில், பட்டியல் பார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று, ஃபிளாட்டன் போட்டிருந்தேன். கூடையில் கொட்டிய பிறகு ஒரு சீப்பின் கடைசிக் காய்க்குப் பக்கத்தில் அடுத்த சீப்பின் முதல் காய் வந்துவிடுகிறது. அப்படி வரிசை முடிவில் உண்டானவை 13 தகடுகள். கடைசி வளைவு சுற்றிக்கொண்டு போய் முதல் வளைவைப் பிடித்ததில் 21. கூடுதலாக வந்த அந்த 34 தகடுகளுக்கும் கணக்கு ஒத்துப்போனபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. வடிவத்தில் பிழையே இல்லை. வயரைக் கவனித்திருந்தாலே தெரிந்திருக்கும்: தார் போகும் வயர் விட்டுவிட்டு ஓடும் இரட்டைக் கோடு, வெறும் பட்டியல் என்றால் விடாத இரட்டைக் கோடு, ஒரே ஒரு காய் என்றால் ஒற்றைக் கோடு.

ஃபிளாட்டனை எடுத்தேன். கடைசிச் சீப்பை விட்டு ஒரு தார், முதல் சீப்பை விட்டு ஒரு தார் என்று இரண்டாகப் பிரித்துச் சேர்த்தேன். 260 வந்தது. ஆனால் நடுவில் இரண்டு வரிசை மட்டும் உடுக்கை மாதிரி இடுப்பில் ஒடுங்கி முறுக்கிக்கொண்டு நின்றது. இந்த முறை எண்ணிக்கை சரி, பிழை வடிவத்தில்தான். வேறொருவர் வரைந்த ஒரு வளைவு வலமிருந்து இடமாக ஓடியது. ஒரு வளைவு திரும்பினால் அதன் இரண்டு பக்கமும் கெடும். வளைவின் திசையைத் திருப்பும் 'ஃபிளிப் கர்வ்' பெட்டியில் முதல் வளைவை வழிகாட்டியாகக் கொடுத்ததும் சரியானது.

அப்புறம் குறிச்சிப் பக்கம் இருந்த பட்டறையிலிருந்து போன். "தம்பி, மூணு மூலை உக்காருது, நாலாவது தூக்குது." முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நாற்காலி ஆடும், அதேதான். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும், நான்காவது இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. முக்கோணமாக வெட்டினால் தீரும். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் முற்றக் கூரையில் 3,312 முக்கோணக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஆனால் முக்கோணம் என்றால் எங்களுக்குத் தகடு இரட்டிப்பாகும், சட்டமும் கூடும். இன்னொரு வழி பெர்லின் விலங்குக் காட்சிச் சாலையின் நீர்யானை வீட்டுக் கூரையில் இருந்தது. ஒரு வளைவைத் திருப்பாமல் இன்னொரு வளைவின்மேல் அப்படியே நகர்த்திக்கொண்டு போனால், நடுவில் உண்டாகும் ஒவ்வொரு கட்டமும் இணைகரம். இணைகரம் எப்போதும் தட்டைதான். நாங்களும் 14 வெவ்வேறு வளைவுகளைக் கைவிட்டு, ஒரே வளைவை ஏறி இறங்கும் பாதையில் நகர்த்தினோம். அலை போகவில்லை. நான்காவது மூலை எவ்வளவு தூக்குகிறது என்று 260 தகடுகளுக்கும் அளந்தேன், எல்லாவற்றிலும் பூஜ்யம்.

தகடுகளுக்கு எண் போடும்போது மறுபடியும் தார்தான் கைகொடுத்தது. சீப்பின் எண், காயின் எண் இரண்டையும் சேர்த்து ஒவ்வொரு தகட்டின் பின்பக்கமும் ஒட்டினோம். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும், சாரத்தில் நிற்கிறவர் ஒன்றிலிருந்து தேடுவார் என்பதால் எல்லாவற்றிலும் ஒன்றைக் கூட்டினேன். பொருத்தும் நாளில் முற்றத்தில் நின்றேன். மேலே இருந்து ஒருவர் "அஞ்சு, பன்னெண்டு" என்று குரல் கொடுத்தார். கீழே அடுக்கிலிருந்து ஒரு தகடு மேலே போனது.