மஞ்சள் போதும்

ஜூன் 2

பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் எழுத்து வடிவில் ஏற்றும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கலாம், அதாவது அச்சோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தலாம் என்று கணக்கு தொடங்கி மாதங்கள் ஓடிவிட்டன. இன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். உதவிப் பக்கங்களைப் படித்தேன், எந்த வார்ப்புரு (பக்க வடிவமைப்புக்கு இடும் குறியீடு) எதற்கு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன், தமிழ்99 விசைப்பலகையைச் சரிசெய்தேன், எழுத்துருவைக்கூட மாற்றிப் பார்த்தேன். புத்தகத்தில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. ஆனால் வேலை பார்த்த களைப்பு மட்டும் நன்றாகவே வந்துவிட்டது!

ஜூன் 3

ஒரு பக்கம் திறந்தாயிற்று. 1950களில் அச்சான கட்டுரைத் தொகுப்பு. இடப்பக்கம் படத்திலிருந்து எழுத்துணரி மென்பொருள் எடுத்துத் தந்த உரை, வலப்பக்கம் அசல் பக்கத்தின் படம். காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் வாழை ‘வரழை’ ஆகிக் கிடக்கிறது. ஔவையை ‘ஒளவை’ ஆக்கி வைத்திருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் ணை, லை எல்லாம் பழைய கொம்போடு நிற்கின்றன, அங்கேயும் தடுமாற்றம்.

இதெல்லாம் கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். என்னை நிறுத்தியது வேறு. அசல் அச்சிலேயே ஓர் இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. சேர்ப்பதா, விடுவதா? நூலில் உள்ளபடியே இருக்கட்டும் என்பதுதான் அங்கே வழக்கம், நேற்றே நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன், ஆனாலும் அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. கடைசியில் சேமிக்காமலே மூடிவிட்டேன்.

ஜூன் 7

நடுவில் எட்டிப் பார்க்கவில்லை. இன்றுதான் பக்கங்களின் நிலையைக் காட்டும் நிறங்களை ஒழுங்காகக் கவனித்தேன். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்தது மஞ்சள், இன்னொருவர் மறுபடி சரிபார்த்தது பச்சை. ஒரு பக்கத்தை மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது, அந்தப் பொத்தானே அவருக்கு வராது. அதாவது என் பக்கத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் மஞ்சள்தான். நாலு முறை பார்த்துவிட்டுத்தான் சேமிப்பேன் என்று நான் பிடிக்கும் பிடிவாதத்துக்கு அங்கே மதிப்பே இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ரோஷமும் வந்தது. ஒரு முறை முழுசாகப் படித்தேன், திருத்தினேன், மஞ்சள் ஆக்கினேன். அந்த ஒற்று அச்சில் இருந்தபடியே.

ஜூன் 8

இன்று வாய்த்தது வெற்றுப் பக்கம். ‘உரை அற்றவை’ என்று குறித்தேன். அதுவும் பக்கம்தானே.

ஜூன் 12

நேற்று தங்கையிடம் போனில், ஒரு முறை பார்த்துவிட்டு மஞ்சளோடு விட்டுவிடுவதைச் சொன்னபோது, “உ.வே.சா. இப்படி அரைகுறையா விட்டிருப்பாராண்ணா?” என்று கேட்டாள். நல்ல அடிதான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கதை என் பக்கம்தான் நிற்கிறது. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகுதான் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் வேலையில் இறங்குகிறார், பதிப்பு வருவது 1887இல். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே செய்த வேலை. பார்த்தீர்களா, ஏழு வருஷம் என்று என்னைப் போன்ற ஆள் உடனே சாக்குப் பிடித்துக்கொள்வான். அந்த ஏழு வருஷமும் அவர் காத்திருக்கவில்லை, சுவடிகளைத் தேடி ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார், அது வேறு. எனக்கு முக்கியம் அதற்கு அப்புறம் நடந்தது. அதே நூல் 1907இல் இரண்டாம் பதிப்பு, 1922இல் மூன்றாம் பதிப்பு. அச்சான நூலை மறுபடி கையில் எடுத்துச் செப்பம் செய்ய அவர் கூச்சப்படவில்லை. நடுவில் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாகக் கொண்டுவந்திருக்கிறார். சிந்தாமணியில் இனி ஒரு குறையும் இல்லை என்று உறுதியான பிறகே அடுத்தது என்று உட்கார்ந்திருந்தால் இவை என்ன ஆகியிருக்கும்? சுவடிகளைக் கரையான் தின்றுகொண்டிருந்த காலம்.

தங்கைக்கு இதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “சரி சரி, இன்னைக்குப் பக்கம் பார்த்தியா?” என்று பதில் வந்தது. பார்த்தேன்.

ஜூன் 16

என் மஞ்சள் பக்கம் ஒன்றை யாரோ பச்சையாக்கியிருக்கிறார்கள். பக்கத்தின் திருத்த வரலாற்றில் போய்ப் பார்த்தேன்: நான் விட்ட ஒரு ‘ர’வைக் காலாக மாற்றியிருக்கிறார், வரிக்கடைசியில் உடைந்த ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார். முன்பெல்லாம் இப்படி ஒன்றைப் பார்த்தால் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகமாட்டேன். இன்று நன்றி தெரிவிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அடுத்ததில் பக்கம் முழுக்க அட்டவணை. அட்டவணை போடுவதை முறையாகக் கற்றுக்கொண்டு வரலாம் என்று கை தானாக உதவிப் பக்கத்துக்குப் போயிற்று. திரும்பி வந்து ‘சிக்கலானவை’ என்று குறித்துவிட்டேன். அட்டவணை தெரிந்தவர்கள் அந்தக் குறியைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். அதற்கடுத்த பக்கம் வெறும் உரைநடைதான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது.