நாலு மணி அலாரமும் புள்ளிமானும்: தேன்கனிக்கோட்டையில் நான்கு காலைகள்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்ட முதல் கேள்வி, "மான் பார்த்தீங்களா?" இரண்டாவது, "எவ்வளவு ஆச்சு?" முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குக் குளிக்கப் போய்விட்டேன்.

பஸ், ரூம், ஆட்டோ, சாப்பாடு என்று வரிசையாக எழுதச் சொல்லி இரண்டு நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். அப்படியே எழுதப் பார்க்கிறேன். ஆனால் உள்ளே இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, வரிசை குலைந்தால் மன்னிக்கவும்.

முதலில் ஒன்று. கிளம்பும்போது "மான் வேட்டைக்குப் போகிறேன்" என்று ஸ்டேட்டஸ் போட்டது என் தப்பு. கேமராவைத்தான் சொன்னேன். மூன்று பேர் உப்புக்கண்டம் கேட்டார்கள், ஒருவர் சீரியஸாகவே கேட்டார். ஐயா, 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. மானைச் சுட்டால் ஜெயில், கறியை வாங்கினாலும் கேஸ். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லென்ஸ். அதுவும் மழையில் நனைந்து இப்போது அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது.

சென்னையிலிருந்து ஓசூர் வரை பஸ்ஸில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை இன்னொரு பஸ், 25 கிலோமீட்டர் இருக்கும். ஞாயிறு சாயங்காலம் இறங்கும்போதே குளிர் கழுத்தில் ஏறியது. நவம்பர் கடைசி வாரம், விட்டுவிட்டுத் தூறல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ், ஒரு நாளைக்கு 900 ரூபாய். ஜன்னல் சரியாகச் சாத்தாது. வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும் என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. என் திட்டமோ தினமும் நாலு மணிக்கு எழுந்து, காட்டுக்குள் போகும் அஞ்செட்டி சாலையில் விடியும்போது நிற்பது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே ஊர் திரும்பியிருப்பேன்.

ஏன் விடியற்காலை என்று கேட்பவர்களுக்கு: புள்ளிமான் மேய்வது காலை வெயில் ஏறும் முன்னும், சாயங்காலம் வெயில் இறங்கிய பின்னும்தான். நடுப்பகலில் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும், பத்தடியில் இருந்தாலும் கண்ணில் படாது. கடமான் இன்னும் மோசம், பாதிக்குமேல் ராத்திரி வாழ்க்கை. அதனால் தூக்கத்தை விட்டால்தான் மான். சாயங்காலம் போகலாமே என்றால், நவம்பரில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் இறங்கும் நேரம். ராகி கதிர் முற்றி நிற்கும் மாதம் அது. இருட்டுகிற வேளையில் அந்த ரோட்டில் வர எந்த ஆட்டோக்காரரும் தயாராக இல்லை, அவர்கள் சொன்னது நியாயம்தான்.

முதல் நாள் உற்சாகமாக மூன்றே முக்காலுக்கே விழித்துவிட்டேன். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவியதும் உற்சாகத்தில் பாதி போய்விட்டது. செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று பஸ்ஸில் போனேன். இதுதான் அந்தப் பயணத்திலேயே நான் எடுத்த மட்டமான முடிவு. ஐந்து நாற்பதுக்கு வரும் என்றார்கள், ஆறு இருபத்தைந்துக்கு வந்தது. அதுவரை நின்றேன், டீ குடித்தேன், மறுபடி டீ குடித்தேன். பஸ்ஸில் நான் உட்கார்ந்த பக்கக் கண்ணாடி பாதியில் சிக்கி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தூறல் முழுக்க என் தோளில். டிரைவர் பாட்டை அலறவிட்டார், வளைவுக்கு வளைவு ஹாரன் வேறு. காட்டுக்குள் ஏதோ ஒரு திருப்பத்தில் இடது பக்கம் பழுப்பாக ஒன்று துள்ளி மறைந்தது. மானா, கன்றுக்குட்டியா? கண்டக்டரைக் கேட்டேன். "மானா இருக்கும் சார்" என்றார், கேட்டவன் மனம் நோகக்கூடாது என்ற குரலில். ஓடுகிற பஸ்ஸில் மான் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அஞ்செட்டியில் இறங்கி, இட்லி சாப்பிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினேன்.

அன்று மாலைதான் அந்த ஆட்டோக்காரரைப் பிடித்தேன். காலை நாலே முக்காலுக்கு லாட்ஜ் வாசலில் வருவார், எட்டரைக்குத் திருப்பிவிடுவார், 1500 ரூபாய். பேரம் பேசினேன். "யானை இருக்கிற ரோடு சார், உங்களுக்கு மான், எனக்கு உயிரு" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது. ஆனால் 1500 அநியாயம் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

இரண்டாம் நாள் மான் பார்த்தேன். காட்டுக்குள் இறங்கவில்லை. 2014-இல் இந்தக் காடுகளில் 500 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள், 2022-இல் அதை ஒட்டிக் காவேரி தெற்கும் வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் அபராதம். நாங்கள் ரோட்டோரம் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். பிறகு மரத்தின் மேல் மந்திகள் கிளையை உலுக்க ஆரம்பித்தன. ஆட்டோக்காரர் என் தொடையைத் தட்டி, "கீழ பாருங்க" என்றார். மந்தி உதிர்க்கிற தழையைத் தின்ன மான் கீழே வரும். மேலே இருப்பது சிறுத்தையைக் கண்டால் கத்தும், கீழே இருப்பதும் சேர்ந்து ஓடும். பதினோரு புள்ளிமான்கள். ஒரு கிடா, கொம்பில் இன்னும் வெல்வெட் மாதிரி தோல் மூடியிருந்தது. மானுக்கு வருஷா வருஷம் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும், ஆட்டுக் கொம்பு மாதிரி நிரந்தரம் கிடையாது. அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. ஈர மூக்கு பளபளத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன். ஒரு இருபது நிமிஷம் எனக்குச் சம்பளம், வீட்டுக் கடன், முட்டிவலி எதுவும் ஞாபகத்தில் இல்லை.

இப்படி ஒரு காலை கிடைத்தவன் மறுநாள் துள்ளி எழ வேண்டாமா? எழவில்லை.

மூன்றாம் நாள் அலாரம் அடித்தது. நிறுத்தினேன். ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடித்தது. போர்வைக்குள் கால் விரல்கள் இப்போதுதான் சூடாகியிருக்கின்றன. ஒரே ஒரு நிமிஷம் என்று கண்ணை மூடினேன். நாலே முக்காலுக்குக் கீழே ஆட்டோ ஹாரன், இரண்டு தரம். செல்போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் எடுக்கவில்லை. நடுகல்லுக்குப் பேர் போன மண் இது. மாடு மீட்டுச் செத்தவனுக்கும், புலியோடு கட்டிப் புரண்டு செத்தவனுக்கும் கல் நட்டு வைத்திருக்கிறார்கள், தர்மபுரி மியூசியத்திலும் கிருஷ்ணகிரி மியூசியத்திலும் போய்ப் பார்க்கலாம். ஆட்டோ ஹாரனைக் கேட்டும் கேட்காத மாதிரி படுத்திருந்தவனுக்குக் கல் வைத்ததாகத் தகவல் இல்லை.

ஐந்து மணிக்குத் தூக்கமும் போய்விட்டது. சித்தப்பா மகன் அமெரிக்காவில் மிஷிகனில் இருக்கிறான், அங்கே அப்போது முந்தின நாள் மாலை ஆறரை. அவன் நிஜமாகவே மான் வேட்டைக்குப் போகிறவன். அங்கே அது சட்டப்படி லைசென்ஸ் வாங்கிச் செய்கிற காரியம். துப்பாக்கி சீசன் நவம்பர் 15 முதல் 30 வரை. வெள்ளைவால் மான் பெருகிப் பயிரைத் தின்கிறது, காரில் மோதுகிறது என்று அரசாங்கமே சுடச் சொல்லி லைசென்ஸ் விற்கிறது. ஆரஞ்சு கலர் சட்டை போட்டுக்கொண்டு, மரத்தில் கட்டின பரணில் இருட்டோடு ஏறி உட்கார வேண்டும். சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்னாலிருந்துதான் சுடலாம். நான் படுக்கையிலிருந்தே போன் போட்டேன்.

"நான் இன்னிக்குக் காட்டுக்குப் போகலடா."

"நானும் இன்னிக்குக் காலையில போகலண்ணா" என்றான்.

எனக்கு என்ன ஒரு நிம்மதி! ஏன் என்று கேட்டேன். குளிர் என்பான் என்று நினைத்தேன். குளிர்தான், கால் மரத்துப் போகிறதுதான், ஆனால் அது பழகிவிட்டதாம். "ஃப்ரீசர்ல போன வருஷக் கறியே பாதி கிடக்குண்ணா. இன்னொண்ணு விழுந்துச்சுன்னா இழுத்துட்டு வரணும், குடல் எடுக்கணும், வெட்டணும், வைக்க இடமில்ல. பரண்ல உக்காந்துக்கிட்டு, மான் வராம இருந்தா தேவலன்னு நெனச்சேன் முந்தாநேத்து. அப்படி நெனச்சுக்கிட்டு எதுக்குப் போகணும்?"

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். என் ஹார்ட் டிஸ்க்கிலும் போன வருஷ மான்கள் கிடக்கின்றன. முதுமலை, கோடியக்கரை, கிண்டி. பாதிக்குமேல் மானின் பின்பக்கம். ஒன்றைக்கூட நான் பிரிண்ட் போட்டதில்லை, திறந்து பார்த்ததுகூட இல்லை. முந்தின நாள் எடுத்த 340 படத்தையும் அவற்றோடு சேர்க்கத்தான் போகிறேன். குளிரையும் வெந்நீரையும் சும்மா திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே வேண்டாம். தூங்கி எழுந்து ஊரைச் சுற்றினேன். பேட்டராய சுவாமி கோயிலுக்குப் போனேன். கன்னடத்தில் பேட்டே என்றால் வேட்டை, வேடன் கோலத்தில் வந்த பெருமாள் என்று கதை சொல்கிறார்கள். வேட்டைக்குப் போகச் சோம்பல்பட்டவன் போய் நிற்க இதைவிடப் பொருத்தமான சன்னிதி கிடையாது. வெளியே வந்து, பேர்ப்பலகைகூட இல்லாத ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடை. ராகிக் களி, பிதுக்கம்பருப்புக் குழம்பு. சென்னைக்காரர்களுக்கு: அவரைக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்த பருப்பு அது. உட்கார்ந்து பிதுக்குகிறவரின் விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போய்விடும். களி உருண்டையில் குழி பண்ணி அந்த அக்கா குழம்பை ஊற்றினார். பருப்பு நாக்கில் பட்டதும் வெண்ணெயாகக் கரைகிறது. "மெல்லக் கூடாது சார், முழுங்கணும்" என்று பக்கத்து இலைக்காரர் திருத்தினார். எனக்கு முழுங்க வரவில்லை, மென்றே தின்றேன், மறுசோறு மாதிரி மறுகளி. 70 ரூபாய். 1500 கொடுத்துப் பார்த்த மானைவிட இதைப் பற்றித்தான் ஆபீஸில் பேசப்போகிறேன்.

நான்காம் நாள் மறுபடி எழுந்தேன். ஆசையெல்லாம் இல்லை, ஆட்டோக்காரருக்குப் பயந்துதான். அவர் முந்தின நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார். மேலே வளைவில் யானை நிற்கிறதாம், வெளுக்கும்வரை நகர முடியாது. ரோட்டோர ராகிக் கொல்லையில் பரண், அதன் அடியில் நெருப்பு. ஒரு பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். ராத்திரி முழுக்க யானைக் காவலாம், பட்டாசு ஈரமாகி வெடிக்கவில்லையாம். தெலுங்கும் தமிழும் கலந்து ஆட்டோக்காரரிடம் ஏதோ கேட்டார். இவர் என்னைக் காட்டி, மான் பார்க்க வந்திருக்கிறார் என்றார்.

"மானா? வாங்க, காட்டுறேன்" என்று வரப்பில் கூட்டிப்போய் டார்ச் அடித்தார். ஒரு பாத்தி அவரைச்செடி நுனி நுனியாகக் கிள்ளியெடுத்த மாதிரி இருந்தது, ஈர மண்ணில் பிளவுபட்ட குளம்புத் தடம். "யானை வந்தா சத்தம் கேக்கும். இது சத்தமே இல்லாம தின்னுட்டுப் போயிடும் சார்." எத்தனை நாளாகக் காவல் என்று கேட்டேன். கார்த்திகை பிறந்ததிலிருந்து என்றார். என்றைக்காவது வராமல் வீட்டிலேயே படுத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. தூரத்தில் காட்டுப் பக்கம் ஒரு கடமான் எச்சரிக்கைக் குரல் கொடுத்தது, தகரத்தில் தட்டின மாதிரி ஒரு தரம். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் போட்டுக் கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டு, வெளுத்ததும் திரும்பிவிட்டோம்.

லாட்ஜ் வாசலில் கணக்கு. இரண்டு நாளுக்கு 3000, அது பேசினது. "நேத்து வெயிட்டிங் 400 சார்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வரவே இல்லையே, டீசல் செலவே இல்லையே? "வந்தேனே சார். நாலு மணிக்கு எழுந்துதான் வந்தேன்." பதில் இல்லாமல் 300 நீட்டினேன், வாங்கிக்கொண்டார். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "நீங்க இறங்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. பின் சீட்டுல படுத்தேன், ஏழு மணி வரைக்கும் நல்ல தூக்கம் சார். வீட்டுல கொழந்தைங்க சத்தத்துல அப்படித் தூங்க முடியாது."

ஆக மூன்றாம் நாள் என் தூக்கத்துக்கு 900, அவர் தூக்கத்துக்கு 300. காலையில் மனைவி கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த 300-ஐ எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், இப்போதைக்கு "மான்" என்று எழுதியிருக்கிறேன்.