இரண்டு நாள் லீவு

மாஸ்ரர் காலமான செய்தி வந்தபோது நான் வேலையில் நின்றேன். அவருக்கு நாங்கள் வைத்த பட்டத்தை நினைவு மலரில் அச்சிட முடியாது. எனக்கு அவரால் வந்த பட்டம் 'குழை'.

1986, எட்டாம் வகுப்பு. அயலில் டெக் எடுத்து விடிய விடியப் படம் போட்டார்கள். காய்ச்சல் என்று லீவுக் கடிதம் கொடுத்தேன். இரண்டு நாள் அல்லவா, பன்மையாக இருக்கட்டும் என்று 'லீவ்' என்பதன் கடைசியில் ஓர் எஸ் போட்டிருந்தேன்.

கடிதத்தை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார்.

"ரெண்டு நாளைக்கு இலை கேட்டிருக்கிறாய். என்ன குழை வேணும் தம்பி, பூவரசோ கிளுவையோ? வீட்டில எத்தினை ஆடு?"

இடைவேளைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியபின் கரும்பலகைக்குத் திரும்பினார். விட்டுப் போவதும் லீவ், மிச்சம் விடுவதும் லீவ். ஆனால் கடிதத்தில் இருப்பது பிறப்பிலேயே வேறு சொல், எழுத்து மட்டும்தான் ஒன்று என்றார். "அது விடுமுறையில்லை. உத்தரவு. எங்கட 'விடை' மாதிரி. விடை எண்டால் மறுமொழி மட்டுமே? போறதுக்குக் கேக்கிறதும் விடைதான்." காய்ச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

1993இல் கிளாலிக் கடலேரியால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டேன். வெளியேற இயக்கம் தரும் பாஸுக்கு அலைந்த அலைச்சலில் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. உண்மையில் அலைச்சல் சாட்டுத்தான். அவர் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி.

அடுத்த வருடம் லண்டனில் என் ஈஸ்ட்ஹாம் அறைக்கு உள்துறை அமைச்சிலிருந்து கடிதம் வந்தது: 'எக்செப்ஷனல் லீவ் ரு ரிமெயின்'. அறையில் ஆறு பேர். "லீவ் எண்டும் கிடக்கு, ரிமெயின் எண்டும் கிடக்கு. போகச் சொல்லுறாங்களோ, இருக்கச் சொல்லுறாங்களோ?" என்று மூத்த அண்ணர் பதறினார்.

"உத்தரவு அண்ணை. இருக்கிறதுக்கு."

அந்த வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் அதற்குப் பிறகு குழைதான் வாசித்தான். அன்றிரவே மாஸ்ரருக்கு எழுத நினைத்தேன். முப்பது வருடமாக நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

செத்தவீட்டுக்கு லீவு கேட்கவும் இங்கே ஒரு படிவம் உண்டு. தாய், தகப்பன், துணை, பிள்ளை, சகோதரம். எதற்கு நேரே புள்ளடி போடுவது? படிவத்தை மூடிவிட்டு, அடுத்தநாள் காலை போன் எடுத்துக் காய்ச்சல் என்றேன். இரண்டு நாள்.

கட்டிலில் இருந்தபடி போனில் நேரலை பார்த்தேன். பெட்டி படலையைத் தாண்டும்போது படம் நின்றுவிட்டது. மாஸ்ரர் வீட்டுப் பூவரச வேலியைக் காணவில்லை. மதில் கட்டியிருக்கிறார்கள்.